ஆளில்லாத லயமும் தண்ணீருக்குள் போன கடைத்தெருவும்: மலையகத்தின் கைவிடப்பட்ட ஊர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மழை பொய்த்துப்போகும் வருடங்களில், இலங்கையின் மலையகத்தில் உள்ள மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்க இறங்கப் பழைய மஸ்கெலியா வெளியே தெரியத் தொடங்கும். கோவிலின் சுவர், பள்ளிவாசலின் மிச்சம், விகாரை இருந்த இடம், ஒரு காலத்தில் பஸ் ஓடிய பாதை. செய்தி பரவியதும் ஹட்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். படம் எடுப்பார்கள், ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவிடுவார்கள். இந்த ஊர் ஏன் தண்ணீருக்குள் போனது, இங்கே கடை வைத்திருந்தவர்கள் இப்போது எங்கே என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்க விரும்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலையகத்தில் கைவிடப்பட்ட இடங்களைப் பார்க்க முதல் தடவையாகக் கிளம்புகிறவர், தான் பார்ப்பது என்ன என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது.

ஊர்கள் காலியாவதற்கு உலகெங்கும் சில காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. சுரங்கத்தில் தாது தீர்ந்துபோகும், ரயில் பாதை வேறு பக்கம் திரும்பும், போர் வரும், கடல் பொங்கும். தமிழர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் ஒரே இரவில் அந்த ஊரை முடித்துவிட்டது. மலையகத்தின் கதை வேறு மாதிரி. இங்கே பெரும்பாலான குடியிருப்புகளை மக்கள் தாங்களாகக் கூடி உண்டாக்கவில்லை. காட்டை அழித்தது தோட்டம், வரிசை வீடுகளான லயத்தைக் கட்டியது தோட்டம், யார் அதில் எந்தக் காம்பராவில், அதாவது எந்த அறையில், இருப்பது என்று தீர்மானித்ததும் தோட்டம்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்ற ஒரு சின்னத் திண்ணை. நான்கு தலைமுறை அதற்குள் பிறந்து வளர்ந்திருக்கும். ஆனால் அந்த இடத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் அவர்கள் பெயரில் இருக்காது. வேலை இருக்கும் வரைக்கும்தான் வீடு.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். பயிர் மாறினால், முதலாளி மாறினால், சட்டம் மாறினால், புயலும் பூகம்பமும் வராமலே ஒரு லயம் காலியாகிவிடும். மலையகத்தில் ஆளில்லாத இடம் எதைப் பார்த்தாலும், அதற்குப் பின்னால் எங்கோ ஒரு மேசையில் யாரோ எடுத்த தீர்மானம் அநேகமாக இருக்கும். அதனால் நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது, இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதைத்தான். எப்போது கட்டினார்கள், எவ்வளவு பழையது என்பதெல்லாம் அப்புறம்.

கோப்பிக் காலம்

1815ல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820களிலேயே கம்பளைப் பக்கம் கோப்பி பயிரிடத் தொடங்கிவிட்டார்கள். 1840கள் வந்தபோது மலைக்காடுகள் வேகவேகமாகச் சாய்ந்துகொண்டிருந்தன. வேலைக்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணிமார் வழியாக வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் அந்த வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். மலையகத்தின் கைவிடப்பட்ட இடங்களைப் பட்டியல் போட்டால், அந்த நடைபாதையின் ஓரத்துப் புதைகுழிகளைத்தான் முதலில் எழுத வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கல்கூட இல்லை.

கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆட்கள் அதிகமாக வேண்டும். அறுவடை முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். ஆகவே அந்தக் காலத்துக் குடியிருப்புகளும் நிலைத்து நிற்கக் கட்டப்பட்டவை அல்ல. 1869ல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் படிவது கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் இலைத்துரு நோய், ஒரு பூஞ்சை. இலை உதிர்ந்தால் செடி காய்க்காது. நோய் பரவிக்கொண்டிருந்தபோதே தோட்டக்காரர்கள் புதிய காடுகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1878ல் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. அடுத்த பதினைந்து வருடத்துக்குள் அதில் பெரும்பகுதி இல்லை. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884ல் விழுந்தது. துரைமார் பலர் கப்பலேறிப் போய்விட்டார்கள். கூலி பாக்கியோடு திரும்பி நடந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இப்போது போனால் கோப்பிக்காலத்து இடம் எதையும் தனியாகக் காண்பது கஷ்டம், ஏனென்றால் அதன் மேலேதான் தேயிலை நிற்கிறது. ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867ல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அவர் குடியிருந்த வீட்டில் இன்று அடுப்புப் புகைபோக்கிதான் மிச்சம். அதைப் பார்க்க நிறையப் பேர் போகிறார்கள். நல்லது, போகலாம். அங்கே நின்று சுற்றிப் பார்க்கும்போது, அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்கள் இருந்த இடம் எது என்று தேடிப் பாருங்கள். அதற்கு வழிகாட்டும் பலகை எதுவும் கிடைக்காது.

தேயிலை வேறு சுபாவமுள்ள பயிர். வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்து தங்கின. லயம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம், மரத்தடி மாடசாமி, தேயிலை பெக்டரிக்குப் பக்கத்தில் ரோதமுனி சாமி, காமன் கூத்துக்கு ஒரு பொட்டல் என்று ஊருக்கான எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இன்று நாம் கைவிடப்பட்டதாகக் காணும் இடங்களில் பெரும்பாலானவை இந்தத் தேயிலைக் காலத்தைச் சேர்ந்தவை.

இடையில் ஒரு ரயில் பாதையும் வந்து போனது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் ஒரு சின்னக் கோச்சி 1900களின் தொடக்கத்திலிருந்து ஓடியது. தேயிலைப் பெட்டி ஏற்றுவதுதான் அதன் முக்கியமான வேலை. லொறிகள் வந்ததும் வருமானம் போய், 1948ல் மூடிவிட்டார்கள். தண்டவாளம் கழற்றப்பட்டுவிட்டது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் வயதான ஒருவரிடம் கேட்டால், தடம் போன வளைவுகளைக் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

சட்டம் வந்து காலியாக்கிய லயங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மலையகத்தின் ஆளில்லாத காம்பராக்களுக்கு மிகப் பெரிய காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் சுற்றுலாவுக்கு எழுதப்படும் குறிப்புகளில் இது அநேகமாக வருவதே இல்லை.

சுதந்திரம் கிடைத்த 1948லேயே நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டத்தால், தோட்டத்தில் இருந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்பது கணக்கு. 1974ல் சிறிமாவும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

காகிதத்தில் இருந்த எண்கள் லயத்துக்குள் வந்தபோது அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஆனது. மகளைக் கட்டிக்கொடுத்த தோட்டம் இங்கே இருக்க, பெற்றவர்கள் கப்பலேற வேண்டியிருந்தது. ஆடுமாட்டை விற்று, சட்டிபானையை அயலாருக்குக் கொடுத்துவிட்டு, ஹட்டனிலும் நானுஓயாவிலும் பண்டாரவளையிலும் கோச்சி ஏறித் தலைமன்னார் போனார்கள். அந்த நாட்களில் ஸ்டேஷன் மேடையில் எழுந்த அழுகையைக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தனுஷ்கோடித் துறை புயலில் அழிந்துபோயிருந்ததால் கப்பல் ராமேஸ்வரத்தில் கொண்டுபோய் இறக்கியது. மண்டபம் முகாம் வழியாக அங்கிருந்து பல திசைகளுக்குப் பிரிந்தார்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தமிழ்நாடு அரசு இவர்களுக்காகவே தேயிலைத் தோட்டக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. அதுதான் டேன்டீ. போர் மூண்டு 1984ல் கப்பல் நின்றுபோகும் வரைக்கும் 3,00,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பரா இருந்தால் அதில் நாலைந்து பூட்டப்பட்டு, பிறகு கூரைத் தகரம் கழற்றப்பட்டு, பிறகு சுவர் விழுந்தது. முழு லயமும் ஒரே நாளில் காலியாகவில்லை. பல்லுப் போல ஒவ்வொன்றாக விழுந்தது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பல தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு அந்தத் துண்டுகளில் பங்கு கிடைக்கவில்லை. 1973, 1974ல் தோட்டங்களில் பஞ்சம். வேலை நாள் குறைந்தது, அரிசியும் மாவும் கிடைக்கவில்லை. டவுனில் பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. அப்புறம் 1977, 1981, 1983ல் தமிழருக்கு எதிரான வன்செயல்கள். லயங்கள் எரிக்கப்பட்டன. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களே பிற்காலத்தில் அந்த வன்னிப் பகுதியில் நடந்த போருக்கு நடுவிலும் சிக்கினார்கள்.

காலியாகாமல் தப்பிய இடங்களையும் பார்க்க வேண்டும். 1977 மே மாதம் தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பிரித்தெடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டார்கள். பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். அவர் பெயரை மலையகம் இன்றும் நினைவுகூர்கிறது. அந்தப் பக்கம் போகும்போது பாதையின் இரு புறமும் லயங்களும் தேயிலையும் அப்படியே இருப்பதைக் காண்பீர்கள். அப்படி இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1992க்குப் பிறகு தோட்டங்கள் மறுபடி தனியார் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. லாபம் வராத தேயிலை மலைகளைக் கைவிட்டார்கள். இளம் பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போனார்கள். கவாத்து இல்லாமல் விட்டால் தேயிலைச் செடி மரமாக வளர்ந்துவிடும். அதற்குள் காட்டுக்கொடி ஏறும், பன்றி வரும், பன்றிக்குப் பின்னால் சிறுத்தை வரும். இப்போது கைவிடப்படும் டிவிஷன்களில், அதாவது தோட்டப் பிரிவுகளில், நீங்கள் காணப்போவது இதைத்தான்.

அணை கட்டி மூழ்கிய ஊர்கள்

களனி ஆற்றின் தலைப்பக்கத்தில் இரண்டு ஓயாக்கள், அதாவது சிற்றாறுகள், உண்டு, கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும். இவற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918லேயே எழுதியவர். அதெல்லாம் நிறைவேற நாள் பிடித்தது. காசல்ரீ அணை 1965ல் முடிந்தது. மவுசாகலை அணை 1969ல் முடிந்தபோது மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. இப்போது நாம் பஸ்ஸில் இறங்கும் மஸ்கெலியா, மேட்டில் புதிதாகக் கட்டப்பட்ட டவுன். பக்கத்துத் தோட்டங்களின் பள்ளப்பக்கத்துத் தேயிலை மலைகளும் சேர்ந்தே மூழ்கின.

1977க்குப் பிறகு துரித மகாவலித் திட்டம் வந்தது. முப்பது வருடத்தில் செய்ய நினைத்ததை ஐந்தாறு வருடத்தில் முடிக்க வேண்டும் என்ற அவசரம். விக்டோரியா அணையை 1985 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் வந்து திறந்து வைத்தார். பழைய தெல்தெனிய டவுன் அந்த நீர்த்தேக்கத்துக்குள் போனது. தண்ணீர் மிகவும் இறங்கும் வருடங்களில் அங்கேயும் கட்டட அடித்தளங்களும் பாதையும் தெரியும். அதே 1985ல் கொத்மலை அணையும் வேலைக்கு வந்தது. கொத்மலைப் பள்ளத்தாக்கின் வயல்களும் கிராமங்களும் விகாரைகளும் போயின. அவற்றில் கடதொர விகாரை, தண்ணீர் இறங்கும்போதெல்லாம் வெளியே வந்து நிற்கிறது.

இந்த இடப்பெயர்ச்சியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. கொத்மலைக் கிராமத்துச் சிங்கள விவசாயிகளுக்கு இரண்டு வழி காட்டப்பட்டது. மேட்டில் ஒரு துண்டுத் தேயிலைக் காணி, அல்லது வறண்ட பிரதேசத்து மகாவலிக் குடியேற்றத்தில் இரண்டரை ஏக்கர் வயல். பரம்பரை மண்ணைப் பறிகொடுத்த அவர்களின் துக்கம் சின்னதல்ல. சேறு காய்ந்த நாளில் பழைய விகாரைக்கு வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்தான். தோட்டத்து ஆட்களுக்கோ இழக்கக் காணியே பெயரில் இல்லை. ஆகவே ஈடாகக் கேட்கவும் எதுவும் இல்லை. வேறு டிவிஷனில் ஒரு காம்பரா கிடைத்தால் அதுவே பெரிது. ஒரே பள்ளத்தாக்கில் ஒரே தண்ணீரால் இடம்பெயர்ந்த இரண்டு சனங்களுக்கு நடுவில் இருந்த இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு அந்த நீர்த்தேக்கத்தின் கரையில் நின்றால், பார்வை வேறாகத்தான் இருக்கும்.

மண் இறங்கிய இடங்கள்

2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. 30க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். அவர்களில் பலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் சொல்லியிருந்தது. போகச் சொன்னார்கள், ஆனால் போவதற்கு ஒரு இடம் கொடுக்கப்படவில்லை. தப்பியவர்கள் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருடம் இருந்த பிறகே பூணாகலையில் வீடு கிடைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மறுபடியும் எத்தனையோ சரிவுகள், சாவுகள்.

இந்த இடங்களைப் பார்க்கப் போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து. மண்ணுக்குள் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். போகத்தான் வேண்டுமென்றால், நினைவு நாளில் உறவினர்கள் பூசை வைக்கும்போது அவர்களோடு போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். கேமரா வேண்டாம்.

இடத்தை எப்படிப் படிப்பது

கட்டடம் விழுந்துவிட்டாலும் செடிகள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தேயிலைக்கு நடுவில் திடீரென்று கொய்யா, பலா, வாழை, சௌசௌக் கொடி ஒரே வரிசையில் நின்றால் அங்கே லயம் இருந்திருக்கிறது. லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம் போடும் வழக்கம் அப்படி. கருங்கல் படி மேலே ஏறிப்போய் ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தால் அது துரை பங்களாவாகவோ பெரட்டுக் களமாகவோ இருக்கலாம். கருங்கல் அடுக்கிய கான்களை, அதாவது வடிகால்களை, கவனியுங்கள். நூறு வருடத்துக்குப் பிறகும் தண்ணீரை ஒழுங்காகக் கொண்டுபோகிறவை உண்டு. கான் வெட்டியவர்களின் கைவேலை அது. தண்ணீர்ப் பீலி எப்போதும் லயத்துக்குக் கிட்ட இருக்கும். மரத்தடியில் மூன்று கல்லும் ஒரு துருப்பிடித்த சூலமும் இருந்தால் அது கோவில். ஆட்கள் போய் நாற்பது வருடம் ஆனாலும் அது கோவில்தான், செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போங்கள்.

பழைய பெக்டரி தூரத்திலேயே தெரியும். இரும்புச் சட்டம், தகரச் சுவர், மேல்மாடிகளில் வரிசையாகச் சன்னல்கள். கொழுந்தை வாட்டுவதற்குக் காற்று வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். கந்தப்பளைப் பக்கம் ஹெதர்செட் தோட்டத்தின் மூடப்பட்ட பெக்டரி ஒன்றை 1996ல் ஹோட்டலாக்கினார்கள். உள்ளே பழைய இயந்திரங்களைக் காணலாம். கட்டடத்தை நன்றாகவே காப்பாற்றியிருக்கிறார்கள். பெக்டரியின் உள்ளமைப்பு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு விழப்போகும் கட்டடத்துக்குள் ஏறுவதைவிட இது பாதுகாப்பான வழி.

கல்லறைகளையும் பாருங்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி டிக்கோயாவில் 1878ல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. அங்கே துரைமாரின் கல்லறைகளில் பெயர், வயது, சாவின் தேதி எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். அதே மலைகளில் வேலை செய்து செத்தவர்களின் புதைகாடு தேயிலைக்குள் எங்கோ மேடாக இருக்கும், பெயர் இருக்காது. எழுதி வைக்கப்பட்ட வரலாறு எந்தப் பக்கத்துக்குச் சாய்ந்திருக்கிறது என்று புரிய இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் போதும்.

போகும் முன்

சரி, எப்போது போவது? ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாவின் மேற்குப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரைக்கும் நல்லது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். பதுளை, மடுல்சீமைப் பக்கத்துக்கு ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மழை குறைந்த காலம். அக்டோபருக்குப் பிறகு அந்தப் பக்கம் மழை. மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள் நிறத்தில் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

தோட்டம் என்பது ஒருவரின் நிர்வாகத்தில் இருக்கும் காணி. மரமாகிப்போன தேயிலைக்குள்ளும் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. டிவிஷன் ஆபிஸில் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், ஒரு ஆளைக் கூட அனுப்பவும் கூடும். அந்த ஆள் அவசியம். குளவிக்கூடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். கொழுந்தெடுப்பவர்கள் குளவி கொட்டிச் செத்த சம்பவங்கள் அடிக்கடி நடக்கின்றன, இதை லேசாக எடுக்க வேண்டாம். அட்டை கடிக்காமல் இருக்கச் சோப்பும் உப்பும் போதும். சாயங்காலம் நாலு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், பனி மூடினால் பாதை தெரியாது, சிறுத்தையின் நேரமும் அதுதான். உளுத்த மாடிப் பலகையில் ஏற வேண்டாம். நீர்த்தேக்கத்தின் சேறு மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே கூழாக இருக்கும். முழங்கால் வரை இறங்கினால் வெளியே எடுப்பது சாதாரண வேலை இல்லை. ஊர் ஆட்கள் நடக்கும் தடத்திலேயே நடங்கள்.

அங்கே கிடக்கும் எதையும் எடுத்துவர வேண்டாம். அம்மிக்கல், கொழுக்கி, பழைய விளக்கு, எதுவானாலும்.

போகிற வழியில் உள்ள லயத்தில் ஒரு பாட்டியோடு அல்லது தாத்தாவோடு உட்கார்ந்து கதையுங்கள். இதை முதலிலேயே செய்யுங்கள், இடத்தைப் பார்த்துவிட்டு வந்து செய்யாதீர்கள். "பாட்டி, அந்தக் கடைசித் தொங்கல் லயத்தில் யார் இருந்தாங்க?" என்று கேட்டால், காம்பரா காம்பராவாகப் பெயர் சொல்லுவார்கள். யார் இந்தியா போனது, யார் வவுனியா போனது, யாருக்கு மூத்த பிள்ளை அங்கே பிறந்தது எல்லாம் வரும். அவர்கள் சொல்லும் தோட்டப் பெயர் பலகையில் இருக்கும் ஆங்கிலப் பெயராக இருக்காது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் சனங்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு, டிவிஷனுக்கும் உண்டு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லுகிறவரின் அனுமதியோடு குரலைப் பதிவு செய்யுங்கள்.

எடுத்த படங்களை வெளியில் போடுகிறவர்கள் "மர்மமான பேய் பங்களா" என்று எழுதாமல், தோட்டத்தின் இரண்டு பெயர்கள், டிவிஷன், எந்த லயம், எந்த வருடத்தில் எதனால் காலியானது என்று படத்துக்குக் கீழே தமிழில் எழுதுங்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் வவுனியாவிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள், வீட்டில் கேட்ட அந்தத் தமிழ்ப் பெயரைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். ஆங்கிலப் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆபத்தான கட்டடமோ சரியக்கூடிய மேடோ என்றால் சரியான இடக்குறியீட்டைப் பொதுவில் போடாமல், கேட்டு எழுதுகிற குடும்பத்துக்கு மட்டும் அனுப்புங்கள்.